மாரிக்கு முன் ஒழுங்கை வடிகான்: அயல் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் ஒரு ஒழுங்கை, அல்லது நாலைந்து ஒழுங்கைகள் சேர்ந்த அயல், தன் வடிகானைத் தானே முன்னின்று சீராக்க நினைத்தால் எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். புதிதாக இறங்கும் சங்கங்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. வேலையின் வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் மண்வெட்டி, பிறகு கடிதம், கடைசியில்தான் "இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது?" என்ற கேள்வி. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

கல்முனை, காரைதீவு, திருக்கோவில் பக்கமும் இதே முறை பொருந்தும். அங்கே தண்ணீர் போய்ச் சேரும் இடம் தோணாவாகவோ (கடலோரச் சிறு நீரோடை) கடலாகவோ இருக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த கொப்பி, அளவு நாடா, 30 அடிக்குக் குறையாத நிறமற்ற பிளாஸ்டிக் குழாய், படம் எடுக்கத் தொலைபேசி. ஒழுங்கையின் கையால் வரைந்த படம் ஒன்றும் வேண்டும். எந்த வீடு எங்கே, எந்தக் கேற்றுக்கு முன்னால் என்ன குழாய், எங்கே மதகு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நில அளவைப் படம் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்த படமே அலுவலகத்தில் பேசுவதற்குப் போதும்.

காலமும் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடும். ஆகவே புரட்டாதி பிறக்குமுன் வெட்டு வேலை முடிந்திருக்க வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் பாருங்கள். ஆடியில் மாமாங்கத் திருவிழா, அதற்கு முன் வைகாசியில் ஊர் ஊராகக் கண்ணகி அம்மன் சடங்கு. இந்த நாட்களில் ஆள் சேராது, சேர்க்கவும் கூடாது. இவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பங்குனி, சித்திரையிலேயே கூட்டமும் கடிதமும் தொடங்கியிருக்க வேண்டும் என்பது தெரியும்.

2. மழையில் நனைந்துகொண்டு தண்ணீரின் பின்னால் நடவுங்கள்

உண்மையில் வேலை தொடங்குவது முந்தைய மாரியில். வெயில் காலத்தில் பார்த்தால் எல்லா வடிகானும் ஒன்றுபோலத்தான் தெரியும். மழை கொட்டும்போது இரண்டு பேர் குடையோடு புறப்பட்டு, ஒழுங்கையின் மேட்டிலிருந்து தண்ணீர் ஓடும் திசையிலேயே நடவுங்கள். அது வாவியையோ, குளத்தையோ, தோணாவையோ தொடும் வரை நிற்க வேண்டாம். பாதி வழியில் திரும்பி வருபவர்கள்தான் அதிகம். அடைப்பு பெரும்பாலும் அந்த மீதிப் பாதியில்தான் இருக்கும்.

நடக்கும்போது மூன்று விடயங்களைக் குறியுங்கள்: தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, எங்கே திரும்பி ஓடுகிறது, எங்கே வடிகானை விட்டு வெளியேறி வீதியில் ஏறுகிறது. மதில்களிலும் மின்கம்பங்களிலும் தண்ணீர் எட்டிய உயரத்தைச் சோக்கால் கோடு போட்டு, திகதி தெரியும்படி படம் எடுங்கள். ஆறு மாதம் கழித்து வெயிலில் வந்து பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் காட்டுவதற்கு அந்தக் கோடுதான் சாட்சி.

எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். 20 பேர்ச் வளவில் ஒரு அங்குல மழை விழுந்தால் அது ஏறக்குறைய 12,800 லீட்டர். நிலம் ஊறிய பிறகு அதில் பெரும்பங்கு ஒழுங்கைக்குத்தான் வரும். இப்படி எட்டு வளவுகள் சேர்ந்தால் ஒரு ஏக்கர், ஒரு இலட்சம் லீட்டருக்கு மேல். "எங்கட வீட்டுத் தண்ணி கொஞ்சம்தானே" என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

3. வடிகான் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் எழுதிய கடிதங்கள் மேசை மேசையாக அலைவதைப் பார்த்திருக்கிறேன். வீதி யாருடையதோ, பெரும்பாலும் அதன் ஓர வடிகானும் அவர்களுடையது.

ஊர் ஒழுங்கைகள் பொதுவாக உள்ளூராட்சி சபையின் கீழ் வரும். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இரண்டு நகர சபைகள், மற்றப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள். கல்முனை வீதி, திருகோணமலை வீதி, செங்கலடியில் வந்து சேரும் பதுளை வீதி போன்ற ஏ, பி தரப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. நடுத்தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம் இருக்கும். பாசன வாய்க்கால் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சிறிய குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். புகையிரதப் பாதைக்குக் கீழால் போகும் மதகில் நீங்கள் கைவைக்கவே கூடாது.

ஒரே வடிகான் மூன்று பேரின் நிலத்தைக் கடப்பது இங்கே சாதாரணம். ஆகவே கையால் வரைந்த படத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் வேறு நிறம் தீட்டி, பக்கத்தில் அலுவலகத்தின் பெயரை எழுதுங்கள். சந்தேகமான துண்டுகளை கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்கலாம்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றென்று நினைப்பது புதியவர்களின் முதல் தவறு. சபை மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்களைக் கொண்டது. வடிகான், குப்பை, தெருவிளக்கு அதன் வேலை. செயலகம் மத்திய அரசின் நிர்வாகம். காணி, நிவாரணம், கிராம உத்தியோகத்தர் எல்லாம் அதன் கீழ்.

4. புதிய சங்கமா, இருக்கிற சங்கமா?

பெயர்ப்பலகையோடு புதிய சங்கம் தொடங்க எல்லோருக்கும் ஆசை. அவசரப்பட வேண்டாம். உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் பெரும்பாலும் பதிவு செய்த கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஏற்கெனவே இருக்கும். பிரதேச செயலகத்தின் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டால் அவை இயங்குகின்றனவா என்று சொல்வார்.

இயங்கினால் அதன் கீழ் உங்கள் ஒழுங்கைக்கு ஒரு உபகுழு அமைக்கக் கேளுங்கள். பதிவு இலக்கமும் வங்கிக் கணக்கும் அவர்களிடம் இருக்கும். அரச நிதியில் சிறு வேலைகளைச் சங்கத்தின் ஊடாகச் செய்விக்கும் வாய்ப்பு வந்தால், அது பதிவுள்ள சங்கத்துக்குத்தான் கிடைக்கும். தூங்கிப்போன சங்கமாக இருந்தால், உத்தியோகத்தரை வைத்துப் பொதுக்கூட்டம் கூட்டி நிர்வாகத்தைப் புதிதாகத் தெரிவு செய்யலாம். புதிய பதிவுக்கு அலைவதைவிட இது லேசு.

5. முதல் கூட்டம்

முதல் கூட்டத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் முன்வையுங்கள். தெருவிளக்கு, விளையாட்டு மைதானம், நூலகம் என்று பட்டியல் போட்டால் இரண்டு மணித்தியாலம் பேசி ஒன்றும் முடிவாகாது.

பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். எந்த வளவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எந்தக் கிணறு கலங்கியது, எந்த மலசலகூடக் குழி பொங்கியது என்பதை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். ஆண்கள் மட்டும் கூடிய கூட்டங்களில் இந்தத் தகவல் வந்ததே இல்லை.

வடிகான் அடுத்த குறிச்சியைக் கடந்து போகிறதா? அவர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். தமிழ்க் குறிச்சித் தண்ணீர் முஸ்லிம் குறிச்சி வழியாகவும், அங்கிருந்து இங்கேயும் ஓடுகிற இடங்கள் எங்களிடம் நிறைய உண்டு. கோயில் நிர்வாகம், பள்ளிவாசல் நிர்வாகம், பங்குத்தந்தை ஆகியோருக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும் கூட்டம் வைக்காதீர்கள். வேலை முடிவான பிறகு அறிவித்தால், "எங்கட பக்கம் தண்ணியத் தள்ளப் போறாங்கள்" என்ற கதைதான் முந்திப் போகும். அந்தக் கதையைப் பிறகு யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

வந்தவர்களின் கையெழுத்தையும் எடுத்த தீர்மானத்தையும் அன்றே கொப்பியில் எழுதி, கூட்டம் கலையுமுன் வாசித்துக் காட்டுங்கள்.

6. மட்டம் பாருங்கள்

எங்கள் நிலம் தட்டை. கண்ணுக்குச் சரிவாகத் தெரிவது பல இடங்களில் சரிவே இல்லை. கண்மதிப்பில் ஆழமாக வெட்டிய வடிகானில் தண்ணீர் ஓடாமல் நிற்கும், ஒரு கிழமையில் நுளம்பு பெருகும்.

மேசன்மார் செய்வதுபோலக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடியுங்கள். உள்ளே காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. இருந்தால் அளவு பிழைக்கும். ஒருவர் ஒரு முனையை வடிகானோரம் நட்ட முதல் கம்பத்தோடும் மற்றவர் மறு முனையை அடுத்த கம்பத்தோடும் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து வடிகானின் அடிவரை இரு இடத்திலும் அளந்து, வித்தியாசத்தை எழுதுங்கள். இப்படியே கடைவாய் வரை, அதாவது வடிகான் வாவியிலோ குளத்திலோ தோணாவிலோ போய் விழும் இடம் வரை, போங்கள்.

100 அடிக்கு மூன்று அங்குலமாவது இறக்கம் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்றால் ஆழப்படுத்துவதில் பயனில்லை. அகலப்படுத்துவதா, வேறு கடைவாய் தேடுவதா என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு பேசியே முடிவெடுக்க வேண்டும். கடைவாயின் அடி, மாரியில் வாவி நிற்கும் மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால், வாவித் தண்ணீர் உங்கள் ஒழுங்கைக்கு ஏறி வரும். இதை வெட்டுமுன் தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தப் பாடு.

7. கேற் குழாய்கள்: பொறுமையாகப் பேச வேண்டிய இடம்

ஒழுங்கை வடிகான்களில் நான் கண்ட அடைப்புகளில் அதிகமானவை குப்பையால் வந்தவை அல்ல. வாகனம் உள்ளே போவதற்காகக் கேற்றுக்கு முன்னால் வடிகானுக்குள் சிறிய குழாய் ஒன்றை வைத்து, மேலே மண்ணோ கொங்கிறீட்டோ போட்டு மூடியிருப்பார்கள். மேலே பத்து வீட்டுத் தண்ணீர் வரும். இங்கே ஆறு அங்குலக் குழாய் ஒன்றுதான் வாய் திறந்திருக்கும்.

குழாயின் விட்டம் இரட்டித்தால் வாய் நான்கு மடங்காகும். 6 அங்குலக் குழாய் நான்கு செய்கிற வேலையை 12 அங்குலக் குழாய் ஒன்றே செய்யும்; ஓடும் தண்ணீருக்கு உராய்வும் குறைவு. இதை வடிகான் ஓரத்தில் குச்சியால் வட்டம் கீறிக் காட்டினால் போதும். அதைவிட நல்லது, குழாயையே எடுத்துவிட்டு வடிகானின் முழு அகலத்துக்கும் கழற்றக்கூடிய கொங்கிறீட் மூடி போடுவது. அடைத்தால் தூக்கித் துப்பரவு செய்யலாம்.

யார் பேசுவது என்பதில்தான் விடயம் இருக்கிறது. கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த வீட்டாரோடு நல்ல பழக்கம் உள்ளவர், முடிந்தால் வயதில் மூத்தவர், தனியாகப் போக வேண்டும். இளையவர் போனால், "ஐயா, மழைக்குள்ள தண்ணி உங்கட கேற்றடியில முட்டித் திரும்புது. நாங்க எல்லாருமா வந்து குழாய மாத்தித் தாறம், நீங்க ஒரு நாள் வாகனத்த வெளியில விட்டாக் காணும்" என்ற மாதிரிப் பேசலாம். செலவில் சங்கம் எவ்வளவு, வீட்டார் எவ்வளவு என்பதை முன்கூட்டியே பொதுவாகத் தீர்மானித்து, எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கைச் சொல்லுங்கள். வசதி குறைந்த வீட்டுக்கு முழுவதையும் சங்கமே போடுவது என்றால் அதையும் தீர்மானமாக எழுதிவிடுங்கள், பின்னால் முகம் சுளிப்பு வராது.

மலசலகூடக் குழியின் கசிவு வடிகானுக்கு வருகிறது என்றால் அது வேறு விடயம். நீங்கள் சண்டைக்குப் போகாமல் பொது சுகாதார பரிசோதகரிடம் சொல்லுங்கள். அது அவரது கடமை. அவர் சொன்னால் அயல் உறவு கெடாது.

8. கடிதம்

ஒரு கடிதம், ஒரு கோரிக்கை, ஒரு பக்கம். சங்கத்தால் செய்ய முடியாததை மட்டும் கேளுங்கள்: இயந்திரம், மதகு உடைத்துக் கட்டுதல், பெருவீதியைக் கடக்கும் குழாய், மண் ஏற்றும் வாகனம். சங்கம் தன் பங்காக என்ன செய்யும் என்பதையும் எழுதுங்கள். கேட்பதோடு தருவதும் இருக்கும் கடிதம் கோப்புக்குள் புதைவது குறைவு. மாதிரி:

> ஊடாக: கிராம உத்தியோகத்தர், …… பிரிவு
>
> விடயம்: …… ஒழுங்கை வடிகானின் இரண்டாம் மதகைப் புனரமைத்தல்
>
> மேற்படி ஒழுங்கையில் …… குடும்பங்கள் வசிக்கின்றன. கடந்த மாரியில் …… திகதி தொடக்கம் …… நாட்கள் வெள்ளம் தேங்கி நின்றது (படங்கள் இணைப்பு 1). மதகின் குழாய் …… அங்குல விட்டமுடையது. அதன் அடி, வடிகானின் அடியைவிட …… அங்குலம் உயர்ந்துள்ளது (அளவுகள் இணைப்பு 2). மதகுக்கு மேலும் கீழும் உள்ள வடிகானை எமது சங்கம் …… மாதத்துக்குள் சிரமதானமாகத் துப்பரவு செய்யும். மதகை மட்டும் சபை மாற்றித் தருமாறு வேண்டுகிறோம்.

கையெழுத்துப் பட்டியல், படம், அளவுகள், கூட்டத் தீர்மானத்தின் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். உங்கள் வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி. கடிதத்தை நேரில் கொடுத்து, உங்களிடம் உள்ள பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்கப்படாத கடிதம்தான்.

நிரந்தரக் கொங்கிறீட் வடிகான் வேண்டுமென்றால் அது அடுத்த ஆண்டுக்கான கோரிக்கை. சபைகள் வரவு செலவுத் திட்டத்தை ஆண்டின் கடைசி மாதங்களில் தயாரிக்கும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே கோரிக்கை உள்ளே போயிருக்க வேண்டும். மார்கழி வெள்ளத்தில் நின்றுகொண்டு எழுதிய கடிதம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், பணம் அதற்கு முன்பே பங்கிடப்பட்டிருக்கும்.

9. பதில் வராவிட்டால்

மூன்று கிழமை பாருங்கள். பிறகு இரண்டு பேராகப் போய், முத்திரைப் பிரதியைக் காட்டி, கோப்பு எந்த உத்தியோகத்தரிடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூட்டமாகப் போக வேண்டாம். போகும் ஆட்களையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் புது முகம் போனால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பது வீண். "…… திகதி கொடுத்த எமது கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் பிரதி", "இந்த ஆண்டு இந்த வட்டாரத்தில் வடிகான் வேலைக்கு ஒதுக்கிய தொகை" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

10. காசு

காசு சேர்க்குமுன் செலவைக் கணக்கிட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு, கணக்கில் இருவர் கையெழுத்து. பொருளாளரும் தலைவரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம். வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் அனுப்பும் பணமும் தனிக் கைக்குப் போகாமல் சங்கக் கணக்குக்கே வரட்டும். வேலை முடிந்த கிழமையே கணக்கை வாசியுங்கள்.

11. சிரமதான நாள்

வேலைக்கு ஒரு கிழமை முன் சபைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்துவிடுங்கள். குடிநீர்க் குழாயும் தொலைபேசி வயரும் எங்கே போகிறது என்று விசாரித்து, அந்த இடங்களில் சிவப்புத் துணி கட்டிய தடி நட்டுவையுங்கள். அங்கே அலவாங்கு பாவிக்கக் கூடாது.

வெட்டு கடைவாயிலிருந்து தொடங்கி மேட்டை நோக்கி வர வேண்டும். எல்லோரும் தங்கள் வாசலில் தொடங்குவார்கள். அதைத் தடுக்க வேண்டும். மேலே முதலில் திறந்தால் அங்கிருந்து வரும் சேறும் தண்ணீரும் கீழே அடைபட்டு, வெட்டுபவர்கள் சகதிக்குள் நிற்பார்கள். கீழே திறந்துவிட்டால் தேங்கிய தண்ணீர் தானே வடியும், அடுத்த துண்டு காய்ந்த நிலமாகக் கிடைக்கும்.

ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டும் ஒரு பொறுப்பாளரும் கொடுங்கள். மட்டம் பார்த்த இடங்களில் தடி நட்டு, எவ்வளவு ஆழம் என்று அடையாளம் போட்டிருங்கள். அதற்குக் கீழே போகக் கூடாது. எங்கள் மணல் நிலத்தில் நேராக வெட்டிய கரை முதல் மழைக்கே சரியும். கரையைச் சாய்வாக வெட்டி, புல் இருந்தால் மேல் ஓரத்தில் விட்டுவிடுங்கள்.

அள்ளிய மண்ணை வடிகான் கரையிலேயே குவிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வீண். ஒரு மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போகும். உழவு இயந்திரப் பெட்டி அன்றைக்கே வர வேண்டும். அது உறுதியாகாவிட்டால் திகதியைத் தள்ளிவையுங்கள். பொலிதீன், போத்தல், கண்ணாடி எல்லாவற்றையும் உரப்பையில் தனியே கட்டுங்கள். மண்ணை எங்கே கொட்டுவது என்பதற்குக் காணிக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வாவிக் கரையில் கொட்டக் கூடாது. கடைவாயில் நிற்கும் கண்டல் மரங்களையும் வெட்டாதீர்கள். அனுமதியில்லாமல் வெட்டுவது வழக்கில் முடியும், கரையும் அரிக்கும்.

வடிகான் சேற்றில் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. காலில் புண் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். அவர்கள் தேத்தண்ணீர், பெட்டி ஏற்றுதல் பக்கம் நிற்கட்டும். மற்றவர்களுக்குப் பூட்ஸும் கையுறையும். முற்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லி ஆலோசனை கேளுங்கள். தானாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். அடுத்த கிழமைகளில் யாருக்காவது காய்ச்சலும் தசைநோவும் வந்தால், வடிகானில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

12. மழை தொடங்கிய பிறகு

மதகுகளைப் பங்கிட்டுக் கொடுங்கள். மதகுக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் பொறுப்பு, அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவர். கனமழை தொடங்கினால் கொழுக்கித் தடியால் வாயில் சேரும் குப்பையை இழுத்துவிடுவது மட்டுமே அவர்கள் வேலை. இருட்டில், அல்லது தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடும்போது யாரும் இறங்கக் கூடாது.

வடிகான் சுத்தமாக இருந்தும் தண்ணீர் அசையாமல் நின்றால், கடைவாய்க்குப் போய் வாவியைப் பாருங்கள். வாவியே நிரம்பி நின்றால் எவ்வளவு வெட்டினாலும் இறங்காது. அது வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் திறப்போடு சம்பந்தப்பட்டது. விவசாயிகளும் மீனவர்களும் வேறு வேறு விதமாகப் பாதிக்கப்படுவதால் மாவட்ட மட்டத்தில்தான் அந்த முடிவு எடுக்கப்படும். அந்த நேரத்தில் வீதியை வெட்டியோ மண்மூடை போட்டோ தண்ணீரை அடுத்த ஒழுங்கைக்குத் திருப்பாதீர்கள். தண்ணீர் உயரத்தைக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, முதியவர்களையும் கைக்குழந்தை உள்ளவர்களையும் முதலில் மேடான வீடுகளுக்கு மாற்றுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.